லண்டன் இல்லங்களின் வாடகைத் திரை

ஒரு மாநகரத்து ஜனங்கள் தங்கள் மாலைப் பொழுதை வீட்டிற்குள் எவ்விதம் கழித்தார்கள் என்று ஆராயப் புகுகிறவர், அரசர்களின் ஆக்ஞைகளையும் மந்திரிசபைகளின் தீர்மானங்களையும் சற்றே ஒதுக்கிவிட்டு, வாடகைச் சீட்டுகளையும் சந்தா ரசீதுகளையும் புரட்டிப் பார்ப்பதே உசிதம். லண்டனைப் பொறுத்தவரை இந்த மார்க்கம் விசேஷமாகப் பலன் தரும். மாதச் சந்தா செலுத்தி, கூடத்துத் திரையில் துப்பறியும் தொடர் ஒன்றை எட்டு அத்தியாயமும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் இன்றைய லண்டன் குடும்பம், தான் ஏதோ நூதனமான காரியம் செய்வதாக எண்ணிக்கொள்ளக்கூடும். ஆனால், பொழுதுபோக்கை விலைக்கு வாங்காமல், கூலி கொடுத்து எடுத்து, அனுபவித்து, திருப்பிக் கொடுத்துவிடுகிற வழக்கம் அந்நகரில் ஏறக்குறைய 180 ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. இடையில் சுமார் இருபது ஆண்டுக் காலம் மாத்திரமே, பார்க்கிறவர் தாம் பார்க்கும் பொருளுக்குப் பெருவாரியாக உடைமையாளராகவும் விளங்கினார். அந்தச் சிறிய இடைவேளை எப்படி வந்தது, எப்படிப் போயிற்று, போனதனால் நேர்ந்தது என்ன என்பதே இந்தச் சரித்திரத்தின் சாரம்.

சார்லஸ் எட்வர்டு மூடி என்பவர் 1842-ல் புளூம்ஸ்பரி வட்டாரத்தில் புத்தகங்களைச் சந்தாவுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கி, பத்தாண்டுகளுக்குள் நியூ ஆக்ஸ்போர்டு தெருவில் ஒரு பெரிய மாளிகைக்கே குடியேறிவிட்டார். அக்காலத்தில் மூன்று பாகங்களாக வெளிவந்த ஒரு நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். மூடியின் ஆண்டுச் சந்தாவோ ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங். ஒரே ஒரு கதையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் செலவைவிடக் குறைந்த செலவில் வருஷம் முழுவதும் கதைகளைப் படிக்கலாம் என்றால், மத்தியதர வகுப்பார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பிரசுரகர்த்தர்கள் நாவலை மூன்று பாகங்களாக நீட்டியதற்கே ஒரு காரணம், பாகத்துக்கு ஒருவராக மூன்று சந்தாதாரர்களுக்கு அதை ஏககாலத்தில் கொடுத்தனுப்பலாம் என்பதுதான். வாடகைக்கு விடுகிறவரின் சௌகரியம் கதையின் உருவத்தையே நிர்ணயித்துவிடும் என்ற விதி அன்றே நிலைபெற்றுவிட்டது. அந்த விதியைப் பின்னர் பலமுறை சந்திக்கப் போகிறோம்.

அதே விதிக்கு வேறொரு விதத்தில் உட்பட்டே துப்பறியும் கதையும் லண்டனில் தனக்கென்று ஒரு வடிவத்தைப் பெற்றது. 1891-ல் ஜார்ஜ் நியூன்ஸ் தொடங்கிய 'ஸ்ட்ராண்ட்' என்ற ஆறு பென்ஸ் மாதப் பத்திரிகையில் அவ்வாண்டு ஜூலை முதல் ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகளை எழுதத் தொடங்கிய கானன் டாயில், தொடர்கதையில் ஓர் இதழ் தவறினால் வாசகர் விலகிப் போய்விடுவார் என்பதை உணர்ந்து, கதாநாயகர் மாதந்தோறும் வரவேண்டும், ஆனால் கதை அந்தந்த இதழிலேயே முற்றுப்பெற வேண்டும் என்ற உபாயத்தைக் கையாண்டார். அந்த உபாயம் பின்னால் தொலைக்காட்சிக்கு அப்படியே பொருந்தியது. வாரம் ஒரு மர்மம், வாரந்தோறும் அதே துப்பறிவாளர் என்னும் சம்பிரதாயத்தில்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரிட்டிஷ் குடும்பங்கள் தங்கள் மாலை நேரங்களைக் கழித்தன.

சோஹோவின் பிரித் தெருவில், 22-ஆம் எண் வீட்டு மேல்மாடியில், ஜான் லோகி பேர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1926 ஜனவரி 26-ஆம் தேதி தமது தொலைக்காட்சிக் கருவியை விஞ்ஞானிகளின் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1936 நவம்பர் 2-ஆம் தேதி, வடக்கு லண்டனின் குன்றின்மேல் நிற்கும் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சி ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதற்கடுத்த ஜூன் மாதத்தில், அகதா கிறிஸ்டி தாமே நாடகமாக்கிக் கொடுத்த 'குளவிக்கூடு' என்ற கதை, பிரான்சிஸ் சல்லிவன் பொய்ரோ என்னும் துப்பறிவாளராக நடிக்க, அங்கிருந்து நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அதைக் கண்டு களித்தவர்கள் லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கருவி வைத்திருந்த சில ஆயிரம் வீட்டார் மட்டுமே. மூடியின் புத்தகசாலை தன் கதவுகளை நிரந்தரமாகச் சாத்திக்கொண்டதும் அதே 1937-ல்தான்.

யுத்தத்தின்போது நின்றுபோயிருந்த ஒளிபரப்பு 1946 ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, ஆண்டுக்கு 2 பவுண்டு உரிமக் கட்டணமும் உடன் வந்தது. 1953 ஜூன் 2-ஆம் தேதி நடந்த எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஏறக்குறைய 2 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாட்டிலிருந்த கருவிகளோ 30 லட்சத்துக்கும் குறைவு. அண்டை அயலாரின் கூடத்தில் நாற்காலியிலும் தரையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தவர்களே பெரும்பான்மையோர் என்பது இதிலிருந்தே விளங்கும். அன்று பார்த்தவர்களில் பலர் பிறகு கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால், விலைக்கு வாங்கி வந்தவர்களைக் காட்டிலும் வாடகைக்கு எடுத்து வந்தவர்கள் காலக்கிரமத்தில் அதிகமாயினர். படக்குழாய் அடிக்கடி பழுதாகும். பழுது பார்க்கும் செலவு பெரிது. வர்ணக் கருவி வந்தபோது அதன் விலை பல வாரச் சம்பளத்தை விழுங்குவதாயிருந்தது. தவணை முறையில் வாங்கலாமென்றால் அரசாங்கம் அதற்கு முன்பணக் கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. ரேடியோ ரெண்டல்ஸ், கிரானடா முதலிய ஸ்தாபனங்களின் ஆள் வாசலில் வண்டியை நிறுத்தி, கருவியை இறக்கி, அது பழுதானால் திரும்ப வந்து சரிசெய்து கொடுப்பான். 1970-களில் வர்ணக் கருவி வைத்திருந்த பிரிட்டிஷ் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அதற்கு வாடகை செலுத்திக்கொண்டிருந்தன.

ஆக, கருவியும் வாடகை, அதில் வரும் காட்சிக்கும் கட்டணம். இவ்விரண்டையும் செலுத்தியவருக்கு மறுநாள் காலையில் கைவசம் மிஞ்சியது ஞாபகம் ஒன்றுதான். அது மட்டுமன்று, ஒளிபரப்பியவர்களிடமே பல வேளைகளில் எதுவும் மிஞ்சவில்லை. 1951-ல் ஆலன் வீட்லி ஹோம்ஸாக நடித்த பிபிசி தொடர் நேரடி ஒளிபரப்பாகையால் அதில் ஒன்றுகூட இன்று இல்லை. 1968-ல் பீட்டர் குஷிங் நடித்த 16 அத்தியாயங்களில் எஞ்சியிருப்பவை ஆறு. ஒளிநாடா விலையுயர்ந்ததாகவும், மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தின் ஒப்பந்தங்கள் இடையூறாகவும் இருந்தமையால், பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது சிக்கனமான நிர்வாகமாகவே அன்று கருதப்பட்டது. ஆனால் இதற்கு மாறான உண்மை ஒன்றும் உண்டு. 'டாக்டர் ஹூ' என்ற தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் தொலைந்துபோயும், அவை அத்தனையின் ஒலியும் இன்று கிடைக்கிறது. காரணம், அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்த இளம் ரசிகர்கள் தங்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சியின் அருகே வைத்துப் பதிந்து வைத்துக்கொண்டதுதான். நிர்வாகம் கைவிட்டதைக் குடும்பம் காப்பாற்றிற்று.

ஜப்பானில் 1976-ல் வெளிவந்த விஎச்எஸ் என்னும் வீடியோக் கசெட் முறை 1978-ல் பிரிட்டனை எட்டியது. கருவியின் விலை பல நூறு பவுண்டு. ஆகவே அதையும் ஜனங்கள் வாடகைக்கே எடுத்தார்கள். அச்சிட்டு வந்த திரைப்படக் கசெட்டின் விலையும் ஆரம்பத்தில் எட்டாத உயரத்தில் இருந்ததால், பத்திரிகைக் கடை, பெட்ரோல் நிலையம், மூலைக் கடை என்று எங்கும் கசெட்டுகள் ஓரிரவு வாடகைக்குக் கிடைக்கலாயின. இதன் விளைவு முதன்முதலில் வெளிப்படையாகத் தெரிந்த இடங்களில் மேற்கு லண்டனின் சவுத்தால் ஒன்று. வார இறுதிதோறும் ஹிந்திப் படம் பார்க்கப் பஞ்சாபிக் குடும்பங்கள் திரண்டு வந்த அவ்வூர்த் திரையரங்குகள் 1980-களின் தொடக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சீனக் கோயிலின் கூரையைப் போன்ற முகப்புடன் 1929-ல் எழுப்பப்பட்ட ஓர் அரங்கம் சந்தையாக மாறிற்று. மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் இடம் அரங்கத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

தமிழர்களோ இத்தகைய அரங்க வாழ்வு லண்டனில் நிலைபெறுவதற்கு முன்பே கசெட்டின் யுகத்துக்குள் வந்து இறங்கினார்கள். மருத்துவம், சட்டம், கணக்கியல் படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் முன்னரே வந்திருந்தவர்கள் தொகையில் சிறுபான்மையினர். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த பயங்கரங்களுக்குப் பின்னர் அகதிகளாக வந்து சேர்ந்தவர்களே ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்டு, வால்தம்ஸ்டோ, டூட்டிங், வெம்பிளி, ஹாரோ முதலிய பகுதிகளைத் தமிழ்ப் பேச்சு கேட்கும் வீதிகளாக ஆக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்ந்த கம்பத்தில் அன்டெனா கட்டி இந்தியத் தூர்தர்ஷனைப் பிடித்துப் பார்த்தவர்களும், டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊர் கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். லண்டனில் அவர்களுக்கு வாய்த்த வேலைகள் பெரும்பாலும் பெட்ரோல் நிலையங்களிலும் கடைகளிலும் உணவகங்களின் சமையலறைகளிலும் இரவு வேலைகள். அரங்கத்தின் காட்சி நேரம் அத்தகையோருக்கு உதவாது. விடியற்காலையில் வேலை முடிந்து வந்து, தோசைக் கல்லை அடுப்பில் ஏற்றும்போதே படத்தைப் போட்டுவிடக்கூடிய கசெட்தான் உதவும்.

ஒரு தொழில்நுட்ப சம்பந்தமும் இதற்கு அனுகூலமாயிற்று. இந்தியாவும் இலங்கையும் பிரிட்டனும் பால் என்னும் ஒரே வர்ண முறையைப் பின்பற்றிய நாடுகளாகையால், சென்னையிலோ கொழும்பிலோ பதிந்த கசெட்டை லண்டனில் அப்படியே போட்டுப் பார்க்க முடிந்தது; டொரொன்டோவுக்குப் போய்ச் சேர்ந்த உறவினர்களுக்கு அது முறை மாற்றிப் பதிந்தாலன்றிப் பயன்படவில்லை. மரவள்ளிக் கிழங்கும் முருங்கைக்காயும் கருவாடும் விற்ற பலசரக்குக் கடையின் ஒரு சுவர் முழுவதும் கசெட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். முதுகில் பேனாவால் படப் பெயர் எழுதியிருக்கும்; யார் எடுத்துப் போனார்கள் என்பதை ஒரு கொப்பிப் புத்தகத்தில் குறித்து வைப்பார்கள். அரங்கத்தில் ஒளிவாகப் படம்பிடித்து வந்த கறுப்பு நிழல் ஆடும் பிரதி வேண்டாம், "நல்ல கொப்பி வந்திட்டுதா அண்ணை?" என்று கேட்டுக் காத்திருக்கும் பொறுமை வாடிக்கைக்காரர்களிடம் இருந்தது. சன் டிவியின் நெடுந்தொடர்கள் தமிழ்நாட்டு மாலைகளை ஆட்கொண்ட பிறகு, கடல்கடந்த வீடுகளுக்கு அவையும் பல நாள் அத்தியாயங்கள் ஒரே கசெட்டில் பதிவாகி வந்து சேர்ந்தன. அங்கே தினம் அரைமணி நேரம் அழுததை இங்கே ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அழுது தீர்த்தார்கள். தொடர் முழுவதையும் ஒரே இருப்பில் பார்த்து முடிக்கும் பழக்கத்தைப் புதிய யுகத்தின் கண்டுபிடிப்பென்று போற்றுகிறவர்கள், டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருந்த தாய்மார்களுக்கு அது நெடுநாட்பட்ட பழக்கம் என்பதை அறியமாட்டார்கள்.

வாடகைக் கசெட்டுகளின் அருகே வேறொரு ஜாதிக் கசெட்டும் அவ்வீடுகளில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. யுத்தத்தினாலும் விசாச் சிக்கலினாலும் தாய் ஓரிடம், மகன் ஓரிடம், மருமகள் வேறோரிடம் என்று சிதறிய குடும்பங்களில், கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் அந்தியேட்டிக்கும் வரமுடியாதவர்கள் அதை வீடியோவில் பார்த்தே பங்குகொண்டார்கள். லண்டனில் நடந்த தாலிகட்டு தபாலேறி யாழ்ப்பாணத்துக்குப் போகும். மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் பிடித்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். பாட்டியார் மணமகனைத் திரையில் பார்த்து ஆசீர்வதிப்பார். ஊரிலிருந்து வரும் கசெட்டில் வீட்டு முற்றமும் கிணற்றடியும் வேலியோரத்து முருங்கையும், நினைத்தபோது திரும்பிப் போக முடியாதவர்களுக்காக ஒருமுறை நிதானமாகக் காட்டப்படும். சினிமாவுக்கு விருதும் விமரிசனமும் உண்டு. இவற்றுக்கு எதுவும் இல்லை. ஆயினும், ஒரு சமூகத்தின் நடை உடை பாவனைகளை, அதன் பாஷையை, அது இழந்த வீடுகளை அறிய விரும்பும் வருங்காலச் சரித்திராசிரியருக்குக் கோடி ரூபாய்ச் செலவில் எடுத்த படங்களைவிட இந்த மூன்று மணி நேரக் கசெட்டுகளே அதிகம் பேசும் என்பது என் அபிப்பிராயம்.

ஐரோப்பாவில் 1998-ல் விற்பனைக்கு வந்த டிவிடித் தகடு, இதுவரை கூறிய வாடகை ஏற்பாட்டை ஒரு தலைமுறைக்காலம் தலைகீழாக்கிற்று. தயாரிக்க மலிவு, அனுப்ப இலேசு, பார்க்கப் பார்க்கத் தேயாது. சில பவுண்டுக்கு ஒரு படம் கிடைத்தபோது லண்டன்வாசி முதல் தடவையாகத் தன் கூடத்தில் படங்களுக்கென ஓர் அலமாரி வைத்தான். ஜெரமி பிரெட் 1984 முதல் 1994 வரை நடித்த ஹோம்ஸும், டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை எழுபது அத்தியாயங்களில் நடித்து முடித்த பொய்ரோவும் பெட்டி பெட்டியாக அலமாரியேறினார்கள். அழிவுக்குத் தப்பிய பழைய ஹோம்ஸ் அத்தியாயங்களும் தகடுகளாயின. டக்ளஸ் வில்மர் நடித்த 1965-ஆம் ஆண்டுத் தொடரை, காணாமற்போன பகுதிகளுக்கு இயன்றவரை ஈடு செய்து, பிரிட்டிஷ் திரைப்பட நிலையம் 2015-ல் வெளியிட்டது. தமிழ்ப் பக்கத்தில், லண்டனில் தொடங்கிய ஐங்கரன் இன்டர்நேஷனல் வெளியிட்ட தகடுகள், தெளிவான படமும் ஆங்கில வசனவரியும் கொண்டவையாய், டொரொன்டோ, பாரிஸ், சிட்னி வரை தமிழ் வீடுகளை எட்டின. சென்னை ரசிகரே நல்ல பிரதி வேண்டுமானால் லண்டன் முத்திரையைத் தேடும் விசித்திரமும் நிகழ்ந்தது. தமிழ் தெரியாத மருமக்களும், தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் அந்த வசனவரியின் துணையால்தான் பழைய படங்களைத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து ரசிக்க முடிந்தது. உடைமையின் பயன் இவ்விடத்தில் பிரத்தியட்சம். அலமாரியிலுள்ளதை யாருடைய அனுமதியுமின்றி எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், இரவல் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம்.

அந்த இடைவேளை நெடுநாள் நீடிக்கவில்லை. தபாலில் தகடுகளை வாடகைக்கு அனுப்பிய லவ்ஃபிலிம் ஒரு பாலமாக அமைந்தது. அதன் தபால் சேவை 2017 அக்டோபரோடு நின்றது. 2007 கிறிஸ்துமஸ் தினத்தன்று பிபிசி ஐபிளேயர் என்னும் தன் இணையச் சேவையை முறையாகத் தொடங்கிற்று. அன்று பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஏழு நாள் மட்டும் தங்கும். 2016 செப்டம்பர் முதல் அதில் பிபிசி நிகழ்ச்சிகளைப் பார்ப்பதற்கும் உரிமக் கட்டணம் கட்டாயமாயிற்று. 2012 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மாதம் 5.99 பவுண்டுக்கு வந்தது. 2018-ல் அதே கட்டணத்தில் ஹாட்ஸ்டாரும் வந்து இந்தியத் தொடர்களைக் கொண்டுவந்தது. பிளாக்பஸ்டர் வாடகைக் கடைகளின் கடைசிக் கதவுகள் 2013-ல் மூடப்பட்டன. ஜான் லூயிஸ் அங்காடி டிவிடிக் கருவிகளின் விற்பனையைக் கைவிடும் செய்தி 2018-ல் வந்தது. மூடியின் கினிச் சந்தா மாதச் சந்தாவாக மறுபிறவி எடுத்தது.

சந்தா திரும்பி வந்தவுடன் கதையின் உருவமும் மறுபடி மாறிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தியாயம் தவறிவிடுமோ என்ற கவலை நீங்கியதால், கானன் டாயிலின் உபாயத்துக்குத் தேவை குறைந்தது. ஒரே குற்றத்தைப் பல அத்தியாயங்களுக்கு நீட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததைத் திறக்கத் தூண்டும் முடிச்சை வைப்பது புதிய இலக்கணமாயிற்று. புஷ்கரும் காயத்ரியும் உருவாக்கி 2022 ஜூனில் அமேசானில் வெளிவந்த 'சுழல்', அதே ஆண்டு டிசம்பரில் எஸ். ஜே. சூர்யா நடித்து வந்த 'வதந்தி' ஆகிய இரண்டுமே எட்டு எட்டு அத்தியாயங்களில் ஒரே மர்மத்தைத் துருவுபவை. மூன்று பாக நாவலை நீட்டிய அதே கை இங்கும் வேலை செய்கிறது. மேலும், ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதி ஒரு தமிழ் வாசகர் கூட்டத்தைச் சிருஷ்டித்த காலத்தில், துப்பறியும் கதை லண்டனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டு மலையோரச் சிற்றூர் ஒன்றின் மர்மம், தமிழில் வெளியாகும் அதே நாளில் லண்டன் கூடத்துத் திரையிலும் அவிழ்கிறது. இந்த லாபத்தைச் சந்தாவின் கணக்கில் வரவு வைக்காமல் இருப்பது நியாயமன்று. வாங்க இயலாதவருக்கும் வாசலைத் திறந்துவிடுவதுதான் வாடகையின் தர்மம்; மூடியின் காலத்திலும் அதுவே நடந்தது.

ஆனால் மூடியிடம் இரவல் வாங்கிய புத்தகத்தின் பிரதியொன்று சட்டப்படி பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்திற்கும் போய்ச் சேர்ந்தது. புத்தகசாலை மூடியபோது நாவல் மறையவில்லை. திரைக்கு அத்தகைய காப்பு இல்லை. அச்சுப் புத்தகத்தைச் சமர்ப்பிக்கும் கடமையைப் பிரிட்டிஷ் சட்டம் திரைப்படத்துக்கோ தொலைக்காட்சிக்கோ இன்றுவரை விதிக்கவில்லை; 1935-ல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் தன் தேர்வினாலும் பிறர் கொடையினாலுமே வளர்ந்து வருகிறது. சந்தா மேடையில் இன்றிருக்கும் படம் உரிமைக்காலம் முடிந்ததும் அறிவிப்பின்றி நாளை நீங்கிவிடலாம். கேட்பதற்கு எந்தக் கடையும் இராது. விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய ஸ்தாபனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு அவற்றை நிறுத்திவிட்டது. கசெட்டின் காந்தப் பூச்சோ ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்து வருகிறது. பிபிசியே தன் ஹோம்ஸைக் காக்கத் தவறியதெனில், ஈஸ்ட்ஹாமில் நடந்த ஒரு பூப்புனித நீராட்டு விழாவைக் காக்க எந்த ஸ்தாபனம் வரும்?

ஆகவே, பார்ப்பதற்கு வாடகை போதும். ஞாபகத்துக்கு உடைமை வேண்டும் என்று நான் கொள்கிறேன். துப்பறியும் தொடரைச் சந்தாவில் பார்த்துவிட்டு மறந்துபோவதில் பெரிய நஷ்டமில்லை. அதைப் பாதுகாக்க வேண்டியவர் அதனால் லாபமடைகிற முதலாளி. பரணில் கிடக்கும் குடும்பக் கசெட்டுகளின் நிலைமை அப்படியன்று. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை, வேறு முதலாளியும் இல்லை. லண்டனில் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஏராளமாக இருக்கின்றன. இயங்கக்கூடிய பழைய டெக் ஒன்றும், கணினி ஒன்றும், சனிக்கிழமை பிற்பகலில் வந்து உட்காரும் இரண்டு இளைஞர்களும் கிடைத்தால், இந்த வேலையை எந்தக் கோயில் மண்டபத்திலும் ஆரம்பிக்கலாம். படங்களில் இருப்பவர் இன்னார், ஊர் இன்னது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதை ஆரம்பிப்பது அவசியம்.